நடு ஆற்றில் சொன்னது

ஆனேக்கல்
24-9-2023

நிர்மலாவுக்கு அண்ணி செல்லம்மாள் எழுதுவது.

தோள்பட்டையில் தையல் பிரித்துவிட்டார்களா? கையைத் தூக்க முடிகிறதா? நான் என் தம்பி முருகன் வீட்டில் இருக்கிறேன். மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள், நானும் சாப்பிடுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை உன் அண்ணனிடமே விட்டுவிட்டு வந்துவிட்டேன். எழில் பேசிப் பேசி அனுப்பியதெல்லாம் அதில் இருக்கிறது. "அம்மா, ரசத்துக்கு எம்மாம் புளி போடறது?" என்று கேட்டதுகூட இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முருகன் மகளின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். நீ நூலகத்து வேலைக்காரி, சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே.

ஆடிப் பதினெட்டு முடிந்து ஐம்பது நாள் ஆகிவிட்டது. பரிசலில் நீயும் அவளும் ஏறிப் போனீர்கள். உன்னைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். அவளை மூன்றாம் நாள் கொண்டு வந்தார்கள். நடுவில் நடந்ததை எல்லாரும் எனக்குச் சொல்லிவிட்டார்கள். போலீஸ் சொன்னது, உன் அண்ணன் சொன்னார், மாப்பிள்ளை குரு சொன்னார், பேப்பரிலும் வந்தது. ஆற்றில் இல்லாதவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நீ இன்னும் சொல்லவில்லை.

அவசரமில்லை. கை சரியானதும் எழுது.

செல்லம்மாள்


இண்டூர்
6-10-2023

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் அரைமணி நேரம் வைத்திருந்தேன். நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்று படித்தது ஆறுதல். தையல் பிரித்தாகிவிட்டது. கை பாதி வரை தூக்க முடிகிறது.

இங்கே அண்ணன் தானே சமைத்துக்கொள்கிறார். நான் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால், "உங்கண்ணி வர்ற வரைக்கும் என் கையாலயே செத்துப் பாக்கறேன் வுடு" என்கிறார். மாடு கன்று போட்டிருக்கிறது. கிடேரி.

பரிசல்காரர் முனியப்பனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் பரிசல் ஓட்டும் அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாக வழக்கு. அவர் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டில் பக்கிள் பழுது, அல்லது அவர் சரிபார்க்கவில்லை என்பது போலீஸின் முடிவு.

நீங்கள் கேட்டதற்கு, போலீசில் சொன்னதையே எழுதுகிறேன். பாறை ஓரம் போனபோது பரிசல் சாய்ந்தது. எழில் உடம்பிலிருந்து ஜாக்கெட் நழுவிவிட்டது. தண்ணீரில் அது என் கைக்குக் கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். முருகனுக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

உங்கள்
நிர்மலா


ஆனேக்கல்
15-10-2023

நிர்மலாவுக்கு,

கிடேரி பிறந்தது நல்லது. சீம்பாலை வீணாக்காமல் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கச் சொல். எனக்கு ரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் கன்னடத்தில் தினமும் "ஊட்ட ஆயித்தா?" என்று கேட்கிறாள். சாப்பிட்டாயா என்று அர்த்தமாம். நான் தலையை மட்டும் ஆட்டுவதால் என்னை ஊமை என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜாக்கெட் நழுவியது என்று எழுதியிருக்கிறாய். ஒன்று கேட்கிறேன். கரையில் அவளுக்கு அதை மாட்டிவிட்டது நான். உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று பக்கிள். மூன்றும் டக், டக், டக் என்று விழுந்தன. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தண்ணீர் என்றால் ஆகாது, "இன்னும் இறுக்கும்மா" என்றாள். முனியப்பன் வந்து பட்டையை இழுத்துப் பார்த்து, "இறுக்கமாத்தான் இருக்குதுங்" என்றார்.

அப்படியானால் அது எப்படி நழுவும்? நான் சரியாக மாட்டவில்லையா நிர்மலா? என் கையில்தான் பிழையா?

இதற்கு மட்டும் பதில் எழுது.

செல்லம்மாள்


இண்டூர்
19-11-2023

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதம் கடந்து எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்பு, பிறகு தீபாவளி. எங்கள் வீட்டில் பலகாரம் செய்யவில்லை. ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறையுங்கள். வேண்டாததை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டது. அண்ணன் முதல் சாட்சி. நான் இரண்டாவது. முனியப்பனைத் தவிர ஆற்றில் இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வழக்கே என் வாக்குமூலத்தில்தான் நிற்கிறது என்கிறார்கள்.

போன வாரம் முனியப்பனின் மனைவி சுகுணா நூலகத்துக்கு வந்தாள். ஆற்றங்கரை ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, என் மேசைக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம்புருசன் எத்தினியோ பேரை ஏத்தி எறக்குன மனுசன். ஜாக்கெட்டு போடாம ஒரு நாய்க்குட்டியக்கூட ஏத்த மாட்டாருங்க" என்றாள்.

நான் மேசையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினேன்.

"போலீசுக்காரங்க கிட்ட அவரு என்னா நடந்துதுன்னு சொல்லிட்டாருங்க. பரிசக்காரன் பேச்ச யாரு நம்புவாங்க? நீங்க படிச்சவங்க. இத்தன புஸ்தகத்துக்கு நடுவுல உக்காந்துகினு இருக்கீங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "அமைதியா இருக்கணும்மா இங்க" என்றேன். அவளிடம் நான் சொன்னது அது ஒன்றுதான் அண்ணி. அவள் சுவரில் மாட்டியிருந்த 'அமைதி காக்கவும்' பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

குளிர் தொடங்கிவிட்டது. ஆனேக்கலில் இன்னும் அதிகம் இருக்கும். காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள்
நிர்மலா


ஆனேக்கல்
27-11-2023

நிர்மலாவுக்கு,

நலமாக இருக்கிறேன். காதுக்குத் துணி கட்டிக்கொள்கிறேன்.

நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டேன்.

செல்லம்மாள்


இண்டூர்
21-1-2024

அன்புள்ள அண்ணிக்கு,

பொங்கலுக்கு வருவீர்கள் என்று அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் இல்லாமல் மாட்டுக்குப் பொட்டு வைத்ததே கோணலாகப் போயிற்று. உங்கள் உடம்பு தேறிவிட்டதா என்று ஒரு வரி எழுதுங்கள்.

அண்ணனோடு தருமபுரிக்குப் போய் வக்கீல் அந்தோணி பிரகாஷைப் பார்த்தோம். குற்ற வழக்கு ஒரு பக்கம் நடக்கும், நஷ்டஈட்டுக்கு நாம் தனியாக மனுப் போடலாம் என்று விளக்கினார். அண்ணன் டீ வாங்கப் போனபோது நான் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். "பரிசலில் போகிறவர்கள் தாங்களாகவே ஜாக்கெட்டைக் கழற்றியிருந்தால் பொறுப்பு யாருடையது சார்?"

அவர் பேனாவை மூடினார்.

"ஓட்டறவரு தடுத்தாரா, சும்மா இருந்தாரான்னு பாப்பாங்க மேடம். தடுத்திருந்தாருன்னு ஆச்சுன்னா அவரு மேல கேஸ் நிக்காது. நம்ம மனுவும் படுத்துக்கும்."

"கழற்றச் சொன்ன ஆள் வேறு ஒருத்தராக இருந்தால்?"

"அப்ப அவங்க பக்கம் திரும்பினாலும் திரும்பும்" என்றவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "போலீஸ்ல சொன்னது சத்தியம் பண்ணிச் சொன்னது இல்ல. கோர்ட்ல சொல்றது சத்தியம். அங்க மாத்திச் சொன்னீங்கன்னா அரசு வக்கீல் உங்கள பிறழ் சாட்சின்னு ஒதுக்கிடுவாரு. எதுக்குங்க மேடம் அந்த வம்பு? சொன்னதையே சொல்லுங்க."

அண்ணன் டீயோடு வந்துவிட்டார்.

ஒன்று எழுத வேண்டும். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் நூலகத்துக்கு வருகிறார்கள். அவர்களுடைய பைகளில் இப்போதெல்லாம் அதே மாதிரி பக்கிள். வந்து உட்கார்ந்ததும் கழற்றுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் என் வாய்க்குள் ஆற்று மணல் கரகரக்கிறது. இரண்டு வாரம் முன்பு ஒரு பெண் பையைக் கழற்றியபோது "போடு, போடு, திரும்பப் போடு" என்று கத்திவிட்டேன். அவள் அழுதுவிட்டாள். அவளுக்குக் கதைப் புத்தகம் ஒன்று கொடுத்துச் சமாதானம் செய்தேன். அதன் பிறகு அவள் வரவில்லை.

உங்கள்
நிர்மலா


ஆனேக்கல்
4-3-2024

நிர்மலாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூட்டுவலி, அதனால் எழுதவில்லை. இப்போது பரவாயில்லை.

குரு இங்கே வந்து போனார். அவர் வீட்டில் வேறு பெண் பார்க்கச் சொல்கிறார்களாம். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பண்ணிக்கங்க சாமி, இருபத்தெட்டு வயசுல என்னா பண்ணுவீங்க" என்றேன். போகும்போது அம்மா என்று கூப்பிட்டார். அதுவரைக்கும் அத்தை என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

வக்கீல் சொன்னதை விவரமாக எழுதியிருந்தாய். சட்டம் எனக்குப் புரியாது. நீ வக்கீலிடம் கேட்ட கேள்விதான் எனக்குப் புரிந்தது.

கோர்ட்டில் என்றைக்குக் கூப்பிடுகிறார்கள்?

செல்லம்மாள்


இண்டூர்
12-5-2024

அண்ணிக்கு,

இந்த முறை நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. ஜூன் இருபதாம் தேதி பென்னாகரம் கோர்ட்டில் சாட்சி சொல்ல வரும்படி சம்மன் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் கையில் பிழையில்லை. மூன்று பக்கிளும் சரியாகத்தான் இருந்தன. ஜாக்கெட் நழுவவில்லை. கழற்றப்பட்டது.

மாப்பிள்ளை வந்ததும் கரையில் வைத்து எழிலுக்குக் கயிறு மாற்றலாம் என்று நீங்கள் தட்டெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். கல்யாணத்தன்று கட்டிய மஞ்சள் கயிற்றைக் கழற்றி ஆற்றில் விட்டுவிட்டுப் புதுக் கயிறு கட்ட வேண்டும். எனக்கு அந்தக் கரை பிடிக்கவில்லை. ஷாம்பு பாக்கெட்டும், மீன் செதிலும், யார் யாரோ விட்ட பழைய துணியும் மிதந்தன. நம் பிள்ளையின் கயிறு அந்த அழுக்கில் போய்ச் சிக்க வேண்டுமா என்று தோன்றியது. புதுக் கயிற்றையும் பூவையும் உங்கள் தட்டிலிருந்து எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டு பரிசலில் ஏறினேன். உங்களிடம் சொல்லவில்லை.

நடு ஆற்றில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. இங்கேயே கட்டிவிடலாம் என்றேன். ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டை இடைஞ்சலாக இருந்தது. கழற்றச் சொன்னேன். முனியப்பன் துடுப்பை நிறுத்திவிட்டு, "கழட்டாதீங்கம்மா, இங்கத்தி சுழி இருக்குது" என்றார். "ரெண்டே நிமிஷம்ப்பா. மங்கள காரியத்துக்குக் குறுக்க பேசாதீங்க" என்றேன். அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். அப்படிச் சொன்னால் யார்தான் மேலே பேசுவார்கள்?

எழில் சிரித்துக்கொண்டே ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் வைத்தாள். புதுக் கயிற்றைக் கட்டினேன். பழையதைப் பூவோடு சேர்த்து அவள் கையில் கொடுத்தேன். அவள் விளிம்பில் குனிந்தாள். விழுந்துவிடப் போகிறாளே என்று நானும் அதே பக்கம் சாய்ந்தேன். இரண்டு பேர் பாரமும் ஒரே பக்கம். பரிசல் கவிழ்ந்தது.

நான் ஒரு ஜாக்கெட்டைப் போட்டிருந்தேன். இன்னொன்றைப் பிடித்திருந்தேன். என்னைத் தூக்கிக் கரையில் போட்டபோதும் விடவில்லை. போலீஸ்காரர், "நழுவிடுச்சுங்களாம்மா?" என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவு எளிதாக இருந்தது.

கோர்ட்டில் உண்மையைச் சொல்லப் போகிறேன். வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் சொல்வேன். சொல் என்று நீங்கள் எழுதினால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

நிர்மலா


இண்டூர்
23-6-2024

அண்ணிக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தபால்காரரைத் தினமும் நிறுத்திக் கேட்டேன். நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கூண்டில் ஏறி, கழற்றச் சொன்னது நான் என்றேன். அரசு வக்கீல் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போலீஸ் விசாரணையில அப்படிச் சொல்லலையே நீங்க?"

"சொல்லலைங்க."

"அப்ப பொய் சொன்னீங்களா? இப்ப பொய் சொல்றீங்களா?"

"அப்பங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மாள் தலை நிமிராமலே அமைதி என்றார். என்னைப் பிறழ் சாட்சி என்று பதிந்துகொண்டார்கள். பொய் சொன்ன நாளெல்லாம் நான் நல்ல சாட்சியாக இருந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் நின்றிருந்தார். "செத்தவ வந்து சொல்லப்போறது இல்லன்னுதான இத்தன நாளும் இருந்த? அப்படியே இருந்து தொலைச்சிருக்கலாம் இல்ல?" என்றார். என்னை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து பேசுவதில்லை. குழம்புக் கிண்ணத்தைக் கழுவாமல் எங்கள் வாசற்படியில் வைத்திருந்தார்.

சுகுணா என்னைத் தாண்டிப் போனாள். நன்றி சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். "இந்த ஒரு வருசத்த யாருங்க திருப்பிக் குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். முனியப்பன்தான் நின்றார். இளைத்துப் போயிருக்கிறார், கல் உடைக்கப் போகிறாராம். "நானும் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கணும்மா. நல்ல காரியம்னு சொன்னதும் வாய மூடிக்கினேன்" என்றார். அவரும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார் அண்ணி. அவருக்கு அது தேவையே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிர்மலா


ஆனேக்கல்
7-8-2024

நிர்மலாவுக்கு,

முனியப்பனை விடுதலை செய்துவிட்டார்கள் என்று உன் அண்ணன் முருகனின் போனுக்குப் பேசிச் சொன்னார். உன் இரண்டு கடிதமும் வந்தன. உடனே எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் போட்டிருந்ததை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். தோடு, வளையல், ஒரு மஞ்சள் கயிறு. கத்தரியால் அறுத்திருந்தார்கள், முடிச்சு அப்படியே இருந்தது. அது புதுக் கயிறு. என் தட்டிலிருந்து காணாமல் போன கயிறு. ஆண்களுக்கு அது கண்ணில் படாது. ஜாக்கெட்டைக் கழற்றாமல் அதைக் கட்ட முடியாது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

போனை விட்டுவிட்டு வந்ததற்கு எழில் குரல் மட்டும் காரணமில்லை. போனில் கேட்டால் நீ அழுவாய், நானும் அழுவேன், பேச்சு அதோடு போய்விடும். தாளில் எழுதினால் மழுப்பியது மழுப்பியதாகவே நிற்கும் என்றுதான் எழுதினேன். என் கையில்தான் பிழையா என்று கேட்டது பதில் தெரிந்தே கேட்டது. இல்லை அண்ணி என்று மறு தபாலில் எழுதிவிடுவாய் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆயிற்று உனக்கு.

நானும் யோக்கியமில்லை. அந்தக் கயிற்றைக் கொண்டுபோய்ப் போலீசில் காட்டியிருந்தால் முனியப்பன் கல் உடைக்கப் போயிருக்க வேண்டாம். உன் வாயிலிருந்து வரட்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். எழுத்துக் கூடவில்லை. தாளைக் கிழித்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டே கழற்றினாள் என்று எழுதியிருக்கிறாய். கோர்ட்டுக்கு அது போதும். நான் அவளைப் பெற்றவள். பின்வாசல் தொட்டியில்கூட எட்டி நின்று மொண்டு குளிப்பவள், நடு ஆற்றில் சிரிக்க மாட்டாள்.

அங்கே அவளைக் கடைசியாகப் பார்த்தவள் நீ. அவள் முகம் எப்படி இருந்தது, என்ன சொன்னாள்? அதை மட்டும் எழுது. எனக்காக இனிக்க எழுதாதே.

செல்லம்மாள்


இண்டூர்
12-8-2024

அண்ணிக்கு,

அவள் சிரிக்கவில்லை.

"வேணாங்கத்தை, கரைக்கே போயிடலாம்" என்றாள். இரண்டு முறை சொன்னாள். முகம் வெளுத்திருந்தது, மேலுதட்டில் வேர்த்திருந்தது. "அம்மா இருக்கறப்ப கட்டிக்கறேன்" என்றும் சொன்னாள். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. முனியப்பன் கேட்டிருப்பார், அவரும் கோர்ட்டில் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது, பேசாமல் இரு என்று நான் அதட்டினேன்.

ஜாக்கெட்டை அவள் கழற்றவில்லை. மூன்று பக்கிளையும் நான்தான் கழற்றினேன். அவள் இரண்டு கையாலும் பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பட்டையைத் தோளிலிருந்து எடுப்பதற்காக, ஒரு கையை நான் விரல் விரலாகப் பிரித்தேன்.

நிர்மலா